பதினான்காம் உருப்படி

மாதத்தின் மூன்றாம் செவ்வாய், காலை ஒன்பதரை.
தலைகளை எண்ணுவது என் வேலை.
நிறைவெண் இருக்கிறது,
வாசலில் வெற்றிலை துப்பிக்கொண்டு நிற்பவரையும் சேர்த்தால்.

சென்ற கூட்டத்தின் அறிக்கை
வாசித்ததாக ஏற்கப்படுகிறது.
ஆறு வருடமாய் இந்த மேசையின் மூலையில் இருக்கிறேன்,
இரண்டாம் பக்கத்தைப் புரட்டிய விரல் ஒன்றை
இன்னும் காணவில்லை.

பிறகு இரங்கல்.
எல்லோரும் எழுந்து நிற்க
கதிரைகள் மட்டும் அழுகின்றன.
பிறகு சந்தைக் குத்தகை.
நூறு கிலோ கத்தரிக்காய்க்குப் பத்துக் கிலோ கழிவு வெட்டுகிறார்களாம்,
அந்தப் பத்துக் கிலோ எங்கே போகிறது?
கேட்டவர் பதிலுக்கு நிற்காமல்
பிளேன்ரீக்கு எழும்பிவிட்டார்.

பிறகு மாடு.
கட்டாக்காலியாய்ப் பிடித்து
உப அலுவலக வளவில் கட்டியது
நேற்றிரவு கன்று ஈன்றுவிட்டது.
தண்டம் ஒன்றுக்கா இரண்டுக்கா?
வைக்கோலை எந்தச் செலவுத் தலைப்பில் வாங்குவது?
முக்கால் மணித்தியாலம் போனது.
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.
அடுத்த கூட்டத்துக்கு வரை பசு எதைத் தின்னும் என்பது
நிகழ்ச்சி நிரலில் இல்லை.

பிறகு விளக்கு.
வட்டாரத்துக்கு ஐந்து.
கோயில் வீதிக்கு, தேவாலயச் சந்திக்கு,
மைத்துனர் வீட்டு மதிலடிக்கு.
என்ரை ஒழுங்கைக்கு இல்லை.
இலுப்பையடி ஒழுங்கை
ஏழாம் வட்டாரத்துக்கும் எட்டுக்கும் எல்லை:
இடக்கைப் பக்கத்து வாக்கு ஒருவருக்கு,
வலக்கைப் பக்கத்து வாக்கு மற்றவருக்கு,
நடுவில் போகிற இருட்டு
ஒருவருக்கும் வாக்குப் போடுவதில்லை.
போன மாரியில் மதகடியில்
சைக்கிளோடு விழுந்த தழும்பு
என் முழங்காலில், அது எந்த வட்டாரம்?

உத்தியோகத்தர் சபையில் கதைக்கக் கூடாது.
கேட்டால் பதில் சொல்லலாம்.
என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.

பின்னேரம் அறிக்கை தட்டச்சிடும்போது
மின்சாரம் போய், வந்தது.
பதின்மூன்றுக்குப் பின் பதினைந்து.
பதினான்காம் உருப்படியைப்
பசி வந்ததும் தவிசாளர் கைவிட்டிருந்தார்.
அந்த வெள்ளை இடத்தில், மழைக்கு நனைந்த சீமெந்தில்
கோழி நடப்பதுபோல, என் விரல்கள்:

14. இலுப்பையடி ஒழுங்கை, ஒன்பதாம் கம்பம்.
மின்விளக்குப் பொருத்துதல்.
முன்மொழிந்தவர்: கௌரவ உறுப்பினர் அருந்தவராசா.
வழிமொழிந்தவர்: கௌரவ உறுப்பினர் திருமதி றெஜீனா.
ஏகமனதாக நிறைவேறியது.

அவர்கள் இரண்டு கட்சி.
ஒருவர் படியேறினால் மற்றவர்
முகத்தைச் சுவருக்குக் கொடுப்பார்.
அவர்களை ஒரே வரியில் நிறுத்தியதுதான்
அன்று நான் செய்த பெரிய குற்றம்.

அடுத்த மாதம்,
வாசித்ததாக ஏற்கப்பட்டது.
பதினொரு செக்கன். சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன்.
அதற்கடுத்த மாதம் ஒரு வியாழன்
உழவு இயந்திரத்தில் ஏணி வந்தது.

வேலை முடிந்து திரும்புகிறேன்,
வெளிச்சத்தின் கீழ் ஈசலும் சனமும்.
"அண்டைக்கு மேசையிலை அடிச்செல்லோ கேட்டனான்!"
அருந்தவராசா கையை ஓங்கிக் காட்டுகிறார்.
"நான் வழிமொழியாட்டி வந்திருக்குமே?"
பக்கத்தில் திருமதி றெஜீனா, முகத்தைத் திருப்பாமல்.
பொய் இல்லை அவர்கள் கண்ணில்.
மேசையில் அடித்த வலியே
கைக்கு ஞாபகம் வந்துவிட்டது போலிருந்தது.

"தங்கச்சி, நீரும் அங்கை இருந்தனீர்தானே, சொல்லும்!"

சைக்கிளை நிறுத்தினேன்.
ஆறு வருடத்தில் முதற்கேள்வி.
"ஓம் சேர்," என்றேன்,
"அறிக்கையிலை இருக்கு."

இந்த மாதம் ஒரு முறைப்பாட்டுக் கடிதம்,
இளைப்பாறிய புகையிரத நிலைய அதிபர் எழுதியது:
இலுப்பையடி ஒழுங்கை விளக்கு
பட்டப்பகலிலும் எரிகிறது, பொதுப்பணம் விரயம்.
உருப்படி ஆறு. குறித்துக்கொண்டேன்.

மாட்டு விடயம் மறுபடி ஒத்திவைப்பு.
கன்று இப்போது தானாகவே
வளவுப் புல்லைக் கடிக்கிறது.